நடுக்கத்துக்கு முறை வைத்த ஊர்

எங்கள் கொக்கேரிப்பட்டில் ஏரித் தண்ணீருக்கு முறை உண்டு, அம்மன் கோயில் பொங்கலுக்கு முறை உண்டு, ஒரு வருஷம் ஜாக்கெட் தைக்கிற பூங்காவனத்தின் கை நடுக்கத்துக்கும் முறை வைத்தோம். இதைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அண்டா இரவல் கேட்டாலே ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். நாங்கள் அடுத்த வீட்டு நடுக்கத்தையே இரவல் வாங்கி, ஒரு நாள் வைத்திருந்து, சொன்ன நேரத்துக்குக் கை மாற்றிக் கொடுத்தவர்கள்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்ததில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது, வயலெல்லாம் தண்ணீர் நின்றது, தண்ணீரெல்லாம் கொக்கு நின்றது, கொக்கு நின்ற இடமெல்லாம் கொசு பறந்தது, அந்தக் கொசுக்களில் ஒன்று, ஊரில் நூற்று முப்பது வீடு இருக்க, எத்தனையோ கொழுத்த உடம்பு சட்டையில்லாமல் கட்டிலில் கிடக்க, வேலிக்குள் கொசுவலை கட்டிப் படுத்திருந்த பூங்காவனத்தைத்தான் தேடி வந்து கடித்தது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் வலிப்பு. ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. அவள் புருஷன் தேசிங்கு, நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன், எங்கள் ஊர் மீசைக்காரர்களில் பெரிய மீசைக்காரன், இருபத்துநாலு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் பாசமில்லாதவன் இல்லை, அவன் குறை வேறு.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டரம்மா அவனை உட்காரவைத்துச் சொன்னார்: "கிருமி செத்துப்போச்சு. ஆனா மூளைக்குள்ள அது நடந்துபோன தடம் இருக்கு. கை நடுங்கும், பேரெல்லாம் மறக்கும், சீக்கிரம் அசதி வரும், காரணமில்லாம அழுகை வரும். சிலருக்கு மாசக்கணக்கா இருக்கும், சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும். மாத்திரைய விடாதீங்க, கைக்குப் பயிற்சி குடுங்க, கூட இருக்கிறவங்க பொறுமையா இருக்கணும்." இதில் முதல் வாக்கியம் தேசிங்குவின் காதில் விழுந்தது. மீதி வாக்கியங்களை டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் மனதுக்குள் பஸ் ஏறிவிட்டான்.

ஊருக்குக் கொசு மருந்து ஆட்கள் வந்தார்கள், புகை போட்டார்கள், டார்ச் அடித்துத் தொட்டிகளைப் பார்த்தார்கள், வீட்டுக்கு வீடு புழுவைப் பிடித்து டம்ளரில் காட்டினார்கள். நாங்கள் அது எங்கள் வீட்டுப் புழுவே இல்லை, மேலத்தெருப் புழு என்று சத்தியம் செய்தோம். மேலத்தெருவார் அது கீழத்தெருவிலிருந்து வந்தது என்றார்கள். இந்தச் சண்டை ஓய்வதற்குள் மார்கழி வந்துவிட்டது, பூங்காவனத்தின் வலது கை மட்டும் ஓயவில்லை. முறத்தில் அரிசி புடைக்கிற வேகத்தில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இருபது வருஷமாக ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தவளால் தன் ஜாக்கெட்டில் ஒரு கொக்கியை மாட்ட முடியவில்லை, ஆகவே மூன்று மாசம் நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் தொண்டை வரை வந்து திரும்பிப் போகும். சாயங்காலம் நாலு மணி அடித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும், எதற்கென்று அவளுக்கே தெரியாது, நாலே காலுக்கு நின்றுவிடும்.

தேசிங்கு இதையெல்லாம் பார்த்தான், பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னான்: "எல்லாம் மனசுதான்." காலையில் சொன்னான், சோறு தின்றுவிட்டுச் சொன்னான், சாயங்காலம் மெஷினைக் கழுவும்போது ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துச் சொன்னான். "கிருமி செத்துப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னா? மனச கெட்டியா வெச்சிக்கோ, தானா நின்னுடும்." நாங்கள் மட்டும் யோக்கியமா? "ஆளு நல்லாத்தான இருக்கா, நாலு சுத்து சதைகூட போட்டிருக்கா, வேலைக்கு டிமிக்கி குடுக்குறா" என்று குழாயடியில் பேசினோம். பூங்காவனத்துக்கு ஊர்ப் பேச்சு பெரிதாகப் படவில்லை. கை நிற்காவிட்டாலும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தன் புருஷன் தன்னை நம்பவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, அவன் ஒரு தரம் நம்பிவிட்டால் போதும் என்றுதான் அவள் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாசி பிறந்ததும் அவள் வீம்பாகத் தையல் மெஷினைத் துடைத்துவைத்தாள். முதல் ஆளாக மளிகைக்கடை கற்பகம் வந்தாள், அண்ணன் மகள் வளைகாப்புக்கு நீலத் துணியோடு. பூங்காவனம் டேப்பை எடுத்துக் கற்பகத்தின் இடுப்பில் வைத்தாள், டேப் ஆடியது, கற்பகத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது, அவள் சிரித்துக்கொண்டே பூங்காவனத்தின் மணிக்கட்டைப் பிடித்து, "எக்கா, இன்னா இது, கொஞ்ச நேரம் எங்கிட்ட குடு, நான் வெச்சிக்கிறேன், நீ அளவெடு" என்றாள். நடுக்கம் கற்பகத்திடம் போய்விட்டது. கரண்டு போனால் காற்றாடி நிற்பதுபோல பூங்காவனத்தின் கை மெதுவாக நின்றது. கற்பகத்தின் வலது கை ஆடத் தொடங்கியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். பிறகு பூங்காவனம் அளவெடுத்தாள், முப்பத்தாறு, முப்பத்திரண்டு, கை நீளம் பத்து என்று நோட்டில் எழுதினாள், மூன்று மாசத்துக்குப் பிறகு எழுத்து எழுத்தாக இருந்தது.

"எப்ப வந்து குடுக்கட்டும்?" என்று கற்பகம் கேட்டாள்.

"காலையில வா. ஜாக்கெட்டும் ஆயிடும்."

கற்பகம் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சும்மா இருக்கிற கையா அது? சல்லடையைக் கொடுத்தாள், அரை மூட்டை கேழ்வரகு மாவு கண்மூடித் திறப்பதற்குள் சலித்து விழுந்தது. புருஷன் பெயர் அவளுக்கு மறந்துபோனது, ஆனால் புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கமே அவளுக்கு இல்லாததால் அது மறந்ததே தெரியவில்லை. நாலு மணிக்கு அழுகை வந்தபோது வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வந்து, "இந்தா எக்கா உன் நடுக்கம், பத்தரமா எடுத்தாந்துட்டேன்" என்று கையை நீட்டினாள். ஆனால் அது போகவில்லை. பூங்காவனம் "குடு" என்று வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் போனது.

இப்படித்தான் அதன் சட்டம் எங்களுக்குத் தெரிந்தது. யாராவது கேட்டால்தான் போகும். தள்ளிவிட்டால் போகாது, தெரியாமல் ஒட்டவைத்தால் ஒட்டாது, மனசறிந்து கேட்க வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவியது, சாயங்காலத்துக்குள் பூங்காவனத்தின் வாசலில் சல்லடையோடு ஏழு பேர் நின்றார்கள், ஏழு பேரும் சண்டை போட்டார்கள், ஆகவே எல்லாச் சண்டைக்கும் போகிற இடத்துக்கு இந்தச் சண்டையும் போனது. அதாவது கன்னியப்பனிடம் போனது.

கன்னியப்பன் எங்கள் ஊர் நீர்கட்டி. ஏரி மடையைத் திறப்பவரும் அவர், மூடுபவரும் அவர், எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று சொல்பவரும் அவர். அவர் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும், ஊரே அந்தக் கடிகாரத்தின்படிதான் நடக்கும். அவர் கோயில் மைதானத்தில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தீர்ப்புச் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு நாள், விடிஞ்சா விடியற வரைக்கும். மொதல்ல மேல்மடை, அடுத்தது நடுமடை, அப்புறம் கடைமடை. பதினெட்டு வயசு ஆவாத புள்ளைங்களுக்குக் கெடயாது. வெளியூருக்குக் கொண்டுபோவக் கூடாது. முறை வந்தப்ப ஆள் இல்லன்னா முறை போச்சு." தேசிங்கு கூட்டத்தின் பின்னால் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "அவுங்க வீட்டுக்கு?" என்று யாரோ அவனைக் காட்டிக் கேட்டார்கள். "ஏரிக்கே ஏரித் தண்ணிய பாய்ச்சுவாங்களா? அவுங்க வூட்டுக்கு முறை இல்ல" என்றார் கன்னியப்பன். தேசிங்குவுக்கு நிம்மதியாக இருந்தது. "சும்மா மனசுல இருக்கறதுக்குப் போயி இம்மாம் கூட்டம்" என்று சொல்லிவிட்டு மெஷினைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து நடுக்கம் வீடு வீடாகப் போனது. புளியமரம் வைத்திருந்தவன் அதை வாங்கிப் போய்க் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான், மரத்தில் ஒரு காய் மிஞ்சவில்லை. மோர் விற்பவள் மத்தைப் பிடித்தாள், வெண்ணெய் முன்னைக்கிப்போது சீக்கிரம் திரண்டது. கற்பகத்தின் கடைக்கு எதிர்க்கடைக்காரனுக்கு முறை வந்தபோது அவன் படியில் பருப்பு அளக்க, கை ஆட ஆடப் பருப்பு படியில் இறங்கி இறங்கி இடம் கொடுக்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு பிடி கூடப் போனது, ஊரே அன்றைக்கு அவன் கடையில்தான் பருப்பு வாங்கியது. சீட்டாட்டத்தில் ஒருத்தன் நல்ல சீட்டு வந்தாலும் கெட்ட சீட்டு வந்தாலும் ஒரே மாதிரி நடுங்கி எல்லாரையும் ஜெயித்தான். பஞ்சாயத்துத் தலைவர் முறையன்று ஒரு தீர்மானத்தில் போட்ட கையெழுத்தை இன்றுவரை அவரே அடையாளம் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு மேல்மடை முறையா கடைமடை முறையா என்று விசாரித்தார்கள். கடைமடைக்காரன் மண்ணாங்கட்டி மட்டும் தினம் விடியற்காலையில் வந்து, யார் கையில் இருக்கிறதோ அந்தக் கையை உற்றுப் பார்த்து, "எங்க முறை வர்றதுக்குள்ள மேல்மடைக்காரங்களே எல்லாத்தையும் ஆடித் தீத்துடுவானுங்க, போன வருசம் தண்ணிக்கும் இதே கதிதான்" என்று புலம்பிவிட்டுப் போவான்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போனதில் ஒன்றை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நடுக்கம் தனியாக வருவதில்லை, தன் பரிவாரத்தோடுதான் வரும். புளியமரத்துக்காரன் மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் அப்படியே சாய்ந்தான், கைகால் விழுந்துவிட்டதோ என்று பயந்தான். மோர்க்காரி தன் நாலு பிள்ளைகளில் மூன்று பேரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாலாவதைப் பார்த்து விழித்தாள். தலைவர் நாலு மணிக்கு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஒவ்வொருத்தரும் அது தனக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்து மறைத்தார்கள், மறுநாள் கை மாற்றிக் கொடுத்ததும் அது விட்டுப்போனபோதுதான் அது யாருடையது என்று புரிந்தது. அப்புறம் குழாயடியில் டிமிக்கி என்ற பேச்சு அடங்கியது. ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் பூங்காவனத்துக்கு மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தலைவர் வந்து, "ஏம்மா, இத வெச்சிக்கிட்டு எப்படிம்மா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், ஜாக்கெட் தைக்கிற இடத்தில் ஆணுக்கு என்ன வேலை என்று நினைத்தோ என்னவோ, திரும்பிப் போனார். நாங்கள் வெட்கப்பட்டோம், அதைச் சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்று மாசம் பூங்காவனத்தின் கை கல்லாக நின்றது. மாத்திரையை விடாமல் தின்றாள், டாக்டரம்மா சொன்னபடி பந்தை அமுக்கினாள், கொடுத்த தேதிக்கு ஜாக்கெட் கொடுத்தாள், இது அவள் சரித்திரத்திலேயே நடக்காதது. தேசிங்கு அவள் நிற்கிற கையைப் பார்த்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல? மனச கெட்டியா வெச்சிக்கிட்ட, நின்னுடுச்சு" என்றான். ஊரே தூக்கிக்கொண்டு அலைகிற ஒன்றை அவன் பார்க்கவே மாட்டேன் என்றான். பூங்காவனம் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

வைகாசியில் தீமிதித் திருவிழா வந்தது. எங்கள் ஊர் வழக்கம் இது: பத்து நாளைக்கு முன்னால் வீட்டுக்கு வீடு மஞ்சள் கயிற்றில் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொள்வோம், கட்டினவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, தீ மிதிக்கிற பெண்கள் காப்புக் கட்டிய பிறகு எல்லைக்குள்ளேயே தைத்த மஞ்சள் ஜாக்கெட்தான் போட வேண்டும். அந்த வருஷம் அறுபத்துநாலு பெண்கள். எங்கள் ஊரில் தையல்காரி ஒருத்திதான். காப்புக் கட்டுகிற அன்றைக்கு நடுமடையின் கடைசி முறை, அது பூசாரி பச்சையப்பனுடையது. பச்சையப்பன் முதல் காப்பை எடுத்தார், அம்மன் கையில் கட்டப் போனார், முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினார், கயிறு கீழே விழுந்தது. மூன்றாம் தரம் அம்மனின் மூக்குத்தியைத் தட்டிவிட்டார். மேளம் நின்றது. அப்போதுதான் நூற்று முப்பது வீட்டுக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் புத்தி வந்தது: காப்புக் கட்டின கையில் வேறெதுவும் ஏறக் கூடாது. அப்படியானால் பத்து நாள் இதை யார் வைத்திருப்பது? தண்ணீர் முறையில் கன்னியப்பன் யோசிக்காத சங்கடம் கிடையாது, ஆனால் தண்ணீர் காப்புக் கட்டின கையை மறுத்ததில்லை, அதனால் இதை அவர் யோசிக்கவில்லை.

இடது கைக்கு மாற்றிப் பார்த்தார்கள், அது போகவில்லை. காப்பே கட்டாமல் நிற்க ஆள் உண்டா என்று கேட்டார்கள், எல்லாரும் அம்மனைப் பார்த்தார்கள். கடைசியில், உடையவளே காப்பில்லாமல் வைத்துக்கொள்ளட்டும் என்று, பச்சையப்பன் தலைகுனிந்து பூங்காவனத்தின் வீட்டுக்கு வந்தார். அவள் அறுபத்துநாலு மஞ்சள் துணியை மடித்து அடுக்கிவைத்துவிட்டு முதல் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அவர் கையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், சாக்கட்டியை வைத்துவிட்டு, "குடுங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் தேசிங்கு சாப்பிட வந்தான். ஊர் ஆண்களில் அவன் மட்டும் காப்புக் கட்டவில்லை, அறுப்புக் காலத்தில் எல்லையைத் தாண்டாமல் அவன் பிழைப்பு நடக்காது, அதோடு மூன்று நாளைக்கு ஒரு தரம் கோழி இல்லையென்றால் அவன் மீசை வாடிவிடும். உள்ளே பூங்காவனம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நாலு மஞ்சள் துணி கிடந்தது, நாலும் கோணலாக வெட்டுப்பட்டு, இனி தலையணைக்குத்தான் ஆகும்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் தேசிங்கு. "நல்லாத்தான இருந்த? மனச அந்தப் பக்கம் உடாத. நில்லுன்னு சொன்னா நின்னுடும்."

பூங்காவனம் அதுவரை அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று அவள் சொன்னது மூன்றாம் வீட்டில் எங்களுக்குக் கேட்டது. "நின்னுடுமா மாமா? நீ நிறுத்து பாக்கலாம்! உன் மனசுதான் கெட்டி மனசாச்சே, நிறுத்திக் காட்டு!"

"இதுல இன்னா இருக்குது? குடு இப்படி" என்று அவன் கையை நீட்டினான்.

கேட்டுவிட்டான். வீம்பில் கேட்டான், ஆனாலும் மனசறிந்துதான் கேட்டான், அதனால் அது போய்விட்டது. தேசிங்குவின் வலது கை முதலில் சுண்டுவிரலில் ஆடியது, பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கை வரை ஏறியது. அவன் அதைப் பார்த்து, மாட்டை அதட்டுகிற குரலில், "நில்லு" என்றான். அது நிற்கவில்லை. "நில்லுன்றேன்ல" என்றான். நாங்கள் வாசலில் கூடிவிட்டோம். இடது கையால் வலது கையைப் பிடித்தான், இரண்டும் ஆடின. தண்ணீர்க் குடத்துக்குள் விட்டுப் பார்த்தான், குடம் ஆடியது. பூங்காவனம் எழுந்து, ஐந்தாவது துணியை எடுத்து விரித்து, ஒரே இழுப்பில் நேராக வெட்டினாள்.

"சாயங்காலத்துக்குள்ள நிறுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு அவன் மெஷினில் ஏறினான். அன்று அவன் அறுத்த வயலின் சொந்தக்காரர் வரப்பில் நின்று, "இன்னா தேசிங்கு, அறுத்தியா, இல்ல கோலம் போட்டியா?" என்று கேட்டார். நாலு மணிக்கு மெஷின் நடு வயலில் நின்றது. கூலி ஆட்கள் ஓடிப் போய்ப் பார்த்தால் அவ்வளவு பெரிய மீசையோடு ஆள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருக்கிறான்.

"யாராச்சும் செத்துட்டாங்களாண்ணே?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"மணி நாலாச்சு" என்றான் தேசிங்கு.

மூன்றாம் நாள் மெஷினை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தான். மீசையை ஒதுக்கப் போய் இடது பக்கம் பாதி போனது. தன் மெஷினின் நம்பர் மறந்தது, தம்பி பெயர் மறந்தது, ஒரு நாள் பூங்காவனத்தைக் கூப்பிட வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றான். ஐந்தாம் நாள் காலையில் சட்டையில் பட்டன் மாட்ட முக்கால் மணி நேரம் நின்றான். ஒரு பட்டன்கூட விழவில்லை. வெறும் உடம்போடு கட்டிலில் உட்கார்ந்தான், கொடியில் தொங்கிய அவளுடைய பழைய நைட்டியைப் பார்த்தான். மார்கழியில் அவன் அந்த நைட்டியைக் காட்டி, "இத மாட்டிக்கினு வாசலுக்குக்கூட வராம இன்னாத்துக்கு சோம்பேறியா கெடக்குற" என்று கேட்டிருந்தான். இப்போது அது அவனுக்கு நினைவு வந்தது. பெயர்களெல்லாம் மறந்தவனுக்கு அது மட்டும் மறக்கவில்லை. அன்றைக்கு அவன் நாலு மணிவரை காத்திருக்கவில்லை, காலை எட்டு மணிக்கே அழுதான்.

பூங்காவனம் வந்து ஒன்றும் கேட்காமல் பட்டனை மாட்டிவிட்டாள். பிறகு தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள், அன்று பதினொரு ஜாக்கெட் முடித்தாள். கெட்டுப்போன நாலு துணிக்குப் பதில் துணியை எல்லைக்குள் சாயம் போட்டுக் கற்பகம் கொடுத்தாள். பத்தாம் நாள் அறுபத்துநாலு பெண்களும் புது மஞ்சள் ஜாக்கெட்டோடு தீ மிதித்தார்கள், ஒருத்திக்கும் தோளில் இழுக்கவில்லை, கக்கத்தில் பிடிக்கவில்லை. அம்மனுக்கும் திருப்தி என்று பச்சையப்பன் சொன்னார், ஆனால் அவர் எல்லா வருஷமும் அதைத்தான் சொல்வார்.

மறுநாள் காலையில் காப்பை அவிழ்த்துக் கிணற்றில் போட்ட கையோடு ஊர் மொத்தமும் தேசிங்குவின் வாசலுக்கு வந்தது. கன்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்து, "கடைமடை மொத முறை, மண்ணாங்கட்டி" என்று கூப்பிட்டார். நாலு மாசமாகக் காத்திருந்த மண்ணாங்கட்டி குளித்து, திருநீறு பூசி, இரண்டு சல்லடையோடு வந்திருந்தான். முன்னால் போய் வலது கையை நீட்டி, "குடு தேசிங்கு" என்றான்.

வாசல் படியில் உட்கார்ந்திருந்த தேசிங்கு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "என் முறை முடியல" என்றான்.

"உனக்கு முறையே கெடயாதுடா" என்றார் கன்னியப்பன்.

"அவ மூணு மாசம் வெச்சிருந்தா. தனியா வெச்சிருந்தா. நான் பத்து நாளுதான் வெச்சிருக்கேன். மூணு மாசம் ஆவட்டும், அப்புறம் வாங்க."

"பாத்தீங்களா, எங்க முறை வரும்போது எவனாச்சும் மடைய அடச்சிடுவான்னு நான் அப்பவே சொன்னேன்" என்று மண்ணாங்கட்டி சல்லடையைக் கீழே போட்டான். கடைமடைக்காரர்கள் கத்தினார்கள், மேல்மடைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் பூங்காவனம் வெளியே வந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. அவள் யாரையும் பார்க்காமல் தேசிங்குவுக்கு எதிரே போய் நின்றாள்.

"நீ இத தூக்கிச் சுமக்கணும்னு நான் நெனக்கல மாமா" என்றாள். "நூறு வூட்டுக்காரங்க சுமந்தாங்க, அது போதும். எனக்கு எப்படி இருக்குதுன்னு நீ ஒரு நாளு கேட்டிருக்கலாம். மூணு மாசத்துல ஒரு நாளு. ஒரே வார்த்த."

தேசிங்கு அரை மீசையோடு அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், அவள் பெயர் மறுபடியும் நழுவியது, அதைத் தேடிக்கொண்டிருக்காமல் அப்படியே கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

பூங்காவனம் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். காய்ச்சல் வந்த முதல் நாள் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மண்ணாங்கட்டி சல்லடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தினான், கன்னியப்பன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் தேசிங்குவின் வலது கை ஆடிக்கொண்டே இருந்தது, மற்றபடி அவன் அசையவில்லை.